ஊன்றிய கால்

கனத்தைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல இருக்கின்றன. ஆனால் அவை ஒன்றுக்குப் பதில் இன்னொன்றாக வரக்கூடியவை அல்ல. எடை என்பது தராசு சொல்வது. பளு என்பது தூக்கிப் பார்க்கிறவனின் கை சொல்வது. சுமை, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போய்ச் சேர வேண்டியது. அதற்கு ஒரு சொந்தக்காரன் உண்டு, பெரும்பாலும் அவன் சுமப்பவனாக இருப்பதில்லை. பாரம் என்பது இவை எல்லாவற்றுக்கும் கீழே, தாங்குகிற இடத்தில் உணரப்படுவது. மனசு பாரமாக இருக்கிறது என்கிறோம். மனசு எடையாக இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை.

இந்த வித்தியாசங்கள் அகராதியில் எனக்குக் கிடைத்தவை அல்ல. 2022 நவம்பரில் மதுரையில் மழை பெய்த ஒரு மாலை, ஸ்கூட்டர் சறுக்கி என் வலது முழங்காலுக்குக் கீழே பெரிய எலும்பு முறிந்தது. எலும்பின் உட்குழலில் நீளமான கம்பி ஒன்றைச் செலுத்தி, மேலும் கீழும் திருகாணிகள் போட்டுப் பூட்டினார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது அச்சடித்த தாள் ஒன்று கொடுத்தார்கள். முதல் ஆறு வாரம் காலில் பாரம் கொடுக்கக் கூடாது. அடுத்த ஆறு வாரம் பகுதிப் பாரம். பிறகு முழுப் பாரம். எழுதியவர் யாரோ, எடை என்றும் சுமை என்றும் எழுதாமல் பாரம் என்றே எழுதியிருந்தார். சரியான பிரயோகம். அந்தத் தாளில் சரியாக இருந்தது அந்த ஒரு சொல்தான் என்று பிறகு எனக்குத் தோன்றியது. ஏனென்றால் பாரம் என்று எழுதிவிட்டு, அதை எடையாகவே கணக்கிட்டிருந்தார்கள்.

ஆறு வாரம் முடிந்து எக்ஸ்-ரே எடுத்தபோது, முறிவைச் சுற்றிப் புகை படிந்த மாதிரி ஒரு வெண்மை தெரிந்தது. புது எலும்பு. டாக்டர் தாளின் ஓரத்தில் 20 கிலோ என்று எழுதினார். அப்போது என் எடை 62 கிலோ. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. எப்படி அளப்பது என்று கேட்டதற்கு, எடை பார்க்கும் மெஷின் ஒன்றை வீட்டில் வாங்கி வைத்துப் பழகச் சொன்னார். உலகம் முழுக்க வழக்கத்தில் உள்ள முறைதான் இது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு முறிந்த காலை மெஷின் மீது வைத்து, முள் இருபதைத் தொடும்வரை அழுத்தி, அந்த அழுத்தத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மற்றக் கால் அதே உயரத்தில் இருக்க ஏதாவது வேண்டும். பழைய இதழ்களின் பைண்டு தொகுதி ஒன்று கச்சிதமாகப் பொருந்தியது. சிறு பத்திரிகை ஒருவனைத் தாங்கியது என்பதற்கு என் அநுபவத்தில் உள்ள ஒரே ஸ்தூலமான நிரூபணம் இது.

நிற்கும்போது இருபது வருகிறது. நடக்கும்போது வருவதில்லை. மெஷின் மீது கால் வைத்துத் தாண்டிப் போனால் முள் முப்பத்தைந்தைத் தொடும். பயந்து அடுத்த அடி வைத்தால் எட்டில் நிற்கும். காலுக்கு எண்கள் தெரியாது. பத்தாண்டுகளாகக் கவுண்ட்டரில் உட்கார்ந்து எண்ணையே தொழிலாகக் கொண்டவனுக்கு இது ஒருவித அவமானமாக இருந்தது. ஆனால் இது என் பிரத்யேகமான குறை அல்ல. மெஷினில் பழகியவர்கள் நடக்கும்போது சொன்ன அளவைத் தாண்டிவிடுகிறார்கள் என்பதை ஆய்வாளர்கள் பலமுறை அளந்து காட்டியிருக்கிறார்கள். செருப்புக்குள் அழுத்தத்தை அளக்கும் தகடு வைத்து, அளவு மீறினால் ஒலி எழுப்பும் சாதனங்களும் வந்துவிட்டன. அது ஒலிப்பதற்குள் பாரம் இறங்கி முடிந்திருக்கும்.

இன்னொரு சங்கதியும் இருக்கிறது. பாரம் கொடுக்காமல் இருப்பது என்பதே முழுக்கச் சாத்தியமில்லை. காலைத் தரையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கிரட்ச்சில் நடக்கும்போது, அப்படித் தூக்கிப் பிடிக்கிற தசைகளே இடுப்பு மூட்டை இறுக்குகின்றன. சாதாரண நடையிலேயே இடுப்பு மூட்டில் விழும் விசை உடல் எடையைப் போல இரண்டரை மடங்கு அளவுக்கு வரும். பெர்லினில் கியோர்க் பெர்க்மனும் அவர் கூட்டாளிகளும், அளவுமானி பொருத்திய செயற்கை மூட்டுகளை நோயாளிகளுக்கு வைத்து இதை நேரடியாகவே அளந்தார்கள். தரைக்குத் தெரிகிற பாரம் வேறு, உள்ளே எலும்புக்குத் தெரிகிற பாரம் வேறு. மெஷின் முதலாவதை மட்டும் சொல்கிறது.

முறிந்த எலும்பை என்ன செய்வது என்பதில் இரண்டு கட்சிகள் வெகு காலமாக உண்டு. 19ஆம் நூற்றாண்டில் லிவர்ப்பூலில் ஹியூ ஓவன் தாமஸ் பூரண ஓய்வைச் சொன்னார்; இடையறாத, நீண்ட ஓய்வு. அதே நூற்றாண்டிலேயே பாரீஸில் லூக்கா-ஷாம்பியோனியர் அசைவுதான் மருந்து என்றார். வெகு காலம் தாமஸ் ஜெயித்தார். நம் ஊரில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் படுத்துக் கிடந்த பெரியப்பாக்கள் அந்த வெற்றியின் மிச்சங்கள். கட்டைப் பிரித்ததும் கால் குச்சியாக இருக்கும், முழங்கால் மடங்காது. புத்தூருக்குப் போய் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிக்கொண்டு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்தக் கட்டில் எலும்பு சில சமயம் கோணலாகக் கூடியது வாஸ்தவம். ஆனால் கூடிய கோணலோடு அவர்கள் நடந்தார்கள்.

அசைவின் பக்கம் சாட்சி சொல்ல வந்தவர் ஒரு இன்ஜினியர் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். 1866 வாக்கில் சூரிச்சில் உடற்கூறு அறிஞர் ஹெர்மன் வான் மேயர், தொடை எலும்பின் தலையை நெடுக்காக அறுத்து, உள்ளே இருக்கும் மெல்லிய எலும்பு இழைகளின் அமைப்பைக் காட்டினார். அங்கே பொறியியல் பேராசிரியராக இருந்த கார்ல் குல்மன் அதைப் பார்த்துவிட்டு, பளு தூக்கும் கிரேன் ஒன்றில் விசை ஓடும் கோடுகள் இப்படித்தான் இருக்கும் என்றார். எலும்பு தான் தாங்குகிற பாரத்தின் படத்தைத் தனக்குள்ளேயே வரைந்து வைத்திருக்கிறது. 1892இல் பெர்லினில் யூலியஸ் வோல்ஃப் இதை ஒரு விதியாக எழுதினார்: பாரம் மாறினால் எலும்பும் மாறும். அவருடைய கணிதத்தில் பின்னால் வந்தவர்கள் பிழை கண்டார்கள். மையக் கருத்து நிலைத்துவிட்டது. விண்வெளிக்குப் போய் எடையின்றி மிதப்பவர்களின் இடுப்பெலும்பு மாதத்துக்கு ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு கரைகிறது. பாரம் இல்லாத இடத்தில் எலும்பு, தன்னை யாரும் கேட்கவில்லை என்று மெல்ல விலகிக்கொள்கிறது.

1939இல் ஜெர்மனியின் கீல் நகரில் கெர்ஹார்ட் குன்ட்ஷர் எலும்புக்குள் கம்பி வைத்தார். 1967இல் மயாமியில் அகஸ்டோ சார்மியென்டோ, கட்டோடேயே நோயாளியைக் காலூன்றி நடக்கவிடும் முறையை எழுதினார். பிறகு சுவிட்சர்லாந்தின் ஸ்டீஃபன் பெரன், எவ்வளவு அசைவு என்ற கேள்விக்கு ஒரு கணக்குச் சொன்னார். முறிவின் இடைவெளி அதன் அகலத்தில் நூற்றில் இரண்டு பங்குக்கு மேல் நெகிழ்ந்தால் அங்கே கெட்டி எலும்பு உருவாகாது. பத்துப் பங்கு வரை குருத்தெலும்பு தாங்கும். அதற்கு மேல் வெறும் இளந்திசுதான் பிழைக்கும். கொஞ்சமும் அசையாவிட்டால் முறிவைச் சுற்றிப் பாலம் கட்டவேண்டிய அவசியமே எலும்புக்குத் தோன்றாது. ரொம்ப அசைந்தால் கட்டிய பாலம் பிய்ந்துபோகும். இதற்கிடையில் ஒரு சந்து இருக்கிறது. குணமாவது அந்தச் சந்துக்குள்தான். உள்ளே வைத்த கம்பியும் என்றென்றைக்கும் தாங்கப்போவதில்லை. ஒவ்வொரு அடிக்கும் உலோகம் சிறிது களைக்கிறது. அது உடைவதற்குள் எலும்பு கூடிவிட வேண்டும். ஒரு பந்தயம்.

அந்தச் சந்து யாருக்கு எங்கே இருக்கிறது என்பதை அச்சடித்த தாள் சொல்லாது. முறிவு குறுக்காகப் போனதா, சுழன்று போனதா, சில்லுகளாக நொறுங்கியதா, புகை பிடிப்பவனா, சர்க்கரை உண்டா, வயதென்ன, ரத்த ஓட்டம் எப்படி, எல்லாம் அதை நகர்த்தும். ஜெர்மனியில் சார்லாந்துப் பல்கலைக் கழகத்தில் 2019இல் தொடங்கிய ஓர் ஆய்வின் நோக்கம், முறிவின் இடைவெளியைத் தானே அளந்து, வேண்டும்போது தன் விறைப்பையும் மாற்றிக்கொள்ளும் உலோகத் தகட்டைச் செய்வது. ஒருவனின் எலும்புப் படத்தையும் நடையையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, அவன் முறிவுக்கு எவ்வளவு பாரம் தகும் என்று கணக்கிடும் முயற்சிகளும் உண்டு. ஆளுக்குத் தக்க பாரம். கேட்க மிக நியாயமாக இருக்கிறது. ஆனால் ஆள் என்பதில் எதையெல்லாம் சேர்ப்பது?

எனக்கு வாய்த்த பிசியோதெரபிப் பெண்ணிடம் கம்ப்யூட்டர் எதுவும் இல்லை. இருபத்தெட்டு வயதிருக்கும். முதல் நாள் என் காலைத் தொடுவதற்கு முன் கேள்விகள் கேட்டாள். வீட்டில் எத்தனை படி? கக்கூஸ் எந்தப் பக்கம்? கட்டில் என்ன உயரம்? எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பேன்? பிறகு மெஷினை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு நடக்கும் சத்தத்தைக் கேட்கச் சொன்னாள். இரண்டு காலும் ஒரே மாதிரி ஒலிக்கிறதா? ஒலிக்கவில்லை. வலது கால் தரையைத் தொட்டுவிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழுந்தது. வலியைப் பற்றி அவள் சொன்ன வாசகம் ஒன்றை எந்த விமர்சனக் கட்டுரையிலும் நான் படித்ததில்லை: "இன்னைக்கு வலியை இன்னைக்குக் கேக்காதீங்க சார். நாளைக்குக் காலையில கேளுங்க." நேற்றைய உழைப்பின் வலி மறுநாள் காலையிலும் அப்படியே இருந்தால் அளவு அதிகம், தணிந்திருந்தால் சரி, இல்லவே இல்லையென்றால் இன்னும் கொஞ்சம் ஊன்றலாம். டாக்டரும் அடுத்த எக்ஸ்-ரேயைப் பார்த்துவிட்டு இருபதை அடித்து, தாங்குமளவு என்று எழுதினார். பத்தாவது வாரம் ஒற்றைக் கிரட்ச். பதினாலாவது வாரம் நான் பாங்குக்குப் போனேன். மெடிக்கல் லீவில் சம்பளம் வந்துகொண்டிருந்தது. உட்கார்ந்து செய்யும் வேலை.

ஆலிவர் சாக்ஸ் 1974இல் நார்வே மலையில் விழுந்து, தன் கால் தன்னுடையதாகவே தோன்றாமல் போன விசித்திரத்தைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார். அவர் நடக்கத் தொடங்கியது, மனத்துக்குள் மெண்டல்ஸனின் இசை எழுந்தபோது. எனக்கு எந்த இசையும் எழவில்லை. என் கவனம் முழுக்கப் பக்கத்துக் கட்டில்காரர் பக்கம் போய்விட்டது.

அவருக்கும் அதே எலும்பு, அதே மாதிரிக் கம்பி, எனக்கு இரண்டு நாள் முன்பு ஆபரேஷன். கையில் அதே தாள். நாற்பத்தைந்து வயது, 78 கிலோ. ஆறு வாரத்துக்குப் பிறகு அவர் தாளின் ஓரத்திலும் அதே 20 கிலோ. பிசியோதெரபி அறையில் அந்தப் பெண் அவரிடம் கேட்டது எனக்கும் கேட்டது.

"என்ன வேலைண்ணே பாக்குறீங்க?"

"லோடுமேனு தாயி. கீழமாசி வீதியில."

"மூட்டை எத்தனை கிலோ?"

"அம்பது. எங்கய்யா காலத்துல நூறு."

ஆபரேஷன் முடிந்து ஏழாவது வாரம். அதுவரை அந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டிருக்கவில்லை. கேஸ் ஷீட்டில் தொழில் என்ற இடத்தில் கூலி என்று எழுதியிருந்தது. கூலி என்பது வாங்குவது. தூக்குவதைப் பற்றி அந்தச் சொல் எதையும் சொல்வதில்லை. அவள் கணக்குப் போட்டாள். தாள் சொல்லும் முழுப் பாரம் 78. அவர் முதுகில் மூட்டை ஏறினால் 128. என் வரையில் முழுப் பாரம் என்றால் என் உடம்பு. அதோடு கதை முடிந்தது. அவருக்கு அது அறுபது சதவீதம்தான். இருவருக்கும் ஒரே நாளில் குணமாகிவிட்டது என்று தாள் சொல்லும். குணம் என்ற சொல்லுக்கு அங்கே இரண்டு அர்த்தங்கள் இருந்தன; ஒன்றுதான் அச்சாகியிருந்தது.

அவருக்காக அவள் தனியாக ஒரு கிரமம் வகுத்தாள். எலும்பு கூடியது எக்ஸ்-ரேயில் தெரிந்து, டாக்டர் சரி என்ற பிறகு, ஐந்தாம் மாதத் தொடக்கத்தில் ஐந்து கிலோ மணல் பை. ஆஸ்பத்திரிச் சாய்தளத்தில் ஏறி இறங்க வேண்டும். மறுநாள் காலை வலியைக் கேட்க வேண்டும். தணிந்திருந்தால் அடுத்த வாரம் பத்து. லாரிப் பலகையில் ஏறுவதுபோல ஒரு மரப்பலகையைச் சாய்த்துப் போட்டாள். எனக்கு வரவேண்டிய தேவை இல்லாத நாட்களிலும் நான் போய் உட்கார்ந்து பார்த்தேன். ஏழாம் மாதம் அவர் முப்பத்தைந்து கிலோவோடு மூச்சு வாங்காமல் ஏறினார். அவள் கை தட்டினாள். அவர் பையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்: "முப்பத்தஞ்சு கிலோ மூட்டைன்னு ஒண்ணு கிடையாதே தாயி."

கூலியில் பகுதிப் பாரம் கிடையாது. இதற்கு அவளிடமும் பதில் இல்லை. ஒரு மனிதன் தூக்கும் சுமை 55 கிலோவுக்கு மேல் போகாதிருக்க வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இலேயே பரிந்துரைத்திருக்கிறது. அந்த வகையில் ஐம்பது நியாயமான மூட்டை. ஆனால் ஐந்திலிருந்து ஐம்பது வரை போகிற வழியில் இருப்பவனுக்கு மூட்டை எங்கே இருக்கிறது?

பதில் கீழமாசி வீதியில் இருந்தது. மூட்டையை முதுகில் ஏற்றிக்கொள்பவன் ஒருவன். ஆனால் அதைத் தரையிலிருந்து எடுத்து அவன் முதுகில் ஏற்றிவிட இரண்டு பேர் வேண்டும், ஆளுக்கு ஒரு முனை. ஐம்பதில் பாதி இருபத்தைந்து. அவருடைய செட்டில் இருந்தவர்கள் அவரைத் தூக்கிவிடும் வேலைக்குப் போட்டுக்கொண்டார்கள். நின்ற இடத்தில் வேலை. பலகை ஏற வேண்டாம். சாயங்காலம் கூலியைப் பங்கு வைக்கும்போது அவருக்குக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். இதை அவர்கள் மருத்துவம் என்று நினைத்துச் செய்யவில்லை. முதுகு பிடித்துக்கொண்டவனுக்கும் காய்ச்சலில் எழுந்தவனுக்கும் எப்போதும் அப்படித்தான் என்றார். ஆளுக்குத் தக்க பாரம் என்ற ஆராய்ச்சி, அந்த வீதியில் பெயரில்லாமல் வெகு நாளாக நடந்துகொண்டிருக்கிறது.

அந்த வீதியிலிருந்து நடந்து போகும் தூரத்தில் மீனாட்சி கோயில் வெள்ளியம்பலம். நடராஜர் மற்ற இடங்களில் வலது காலை ஊன்றி இடது காலைத் தூக்கியிருப்பார். இங்கே இடதை ஊன்றி வலதைத் தூக்கியிருக்கிறார். திருவிளையாடல் புராணம் இதற்கு ஒரு கதை சொல்கிறது. அறுபத்துமூன்று கலைகள் தெரிந்த இராசசேகர பாண்டியன், மிச்சமிருந்த கூத்தையும் கற்கத் தொடங்கினான். கால் வலித்தது. கொஞ்ச காலம் ஆடிய எனக்கே இப்படியென்றால், யுகயுகமாக ஒரே காலில் நிற்பவனுக்கு எப்படியிருக்கும் என்று தாங்காமல் போய், கால் மாறி ஆடும்படி கேட்டான். கவிகள் எல்லோரும் தூக்கிய காலைப் பாடியிருக்கிறார்கள். அருள் அங்கேதான் இருக்கிறது என்பது மரபு. ஊன்றிய கால் நினைவுக்கு வந்தது இந்த அரசன் ஒருவனுக்குத்தான். அதுவும் பக்தியால் வந்ததல்ல, தன் காலில் வலி கண்டதால் வந்தது. அதனால்தான் அவனால் சரியான கேள்வியைக் கேட்க முடிந்தது.

நம் பத்திரிகைகளில் கனம் என்ற சொல்லை நாம் தாராளமாகப் புழங்குகிறோம். இந்தக் கவிதைக்குக் கனம் இல்லை, இவனால் இந்த அநுபவத்தைத் தாங்க முடியவில்லை என்று எழுதுகிறோம். எழுதுகிற நம் கையில் ஒரு அச்சடித்த தாள் இருக்கிறது. எலியட்டிலிருந்து கொஞ்சம், இங்கே முன்னோடிகள் வகுத்ததிலிருந்து கொஞ்சம். எடை பார்ப்பதற்கு அது போதும். அவன் எந்த மூட்டையோடு எந்தப் பலகையில் ஏறிக்கொண்டிருக்கிறான் என்பதைக் கேட்க அதில் இடம் ஒதுக்கப்படவில்லை. கேட்டுவிட்டால் அளவுகோல் தளர்ந்துவிடும் என்று பயப்படுபவர்கள் உண்டு. அந்தப் பெண் கேட்டபோது அளவுகோல் கூடியது. 78 என்பது 128 ஆனது. இந்த உவமையை இதற்கு மேல் நீட்டினால் அதுவே நொண்டும்.

கம்பி என் காலில் இன்னும் இருக்கிறது. தொந்தரவில்லை என்றால் இருக்கட்டும் என்றார் டாக்டர். படி இறங்கும்போது மட்டும் அது இருப்பது தெரியும். அவர் 2023 தீபாவளிக்கு முன்பே ஐம்பது தூக்கத் தொடங்கிவிட்டார். பலகையில் முதலில் இடது காலைத்தான் வைக்கிறார். கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது எங்கள் இருவர் தாள்களிலும் முழுப் பாரம் என்ற வரிக்கு எதிரே டாக்டர் போட்ட சரிக்குறி இருந்தது. அவருடைய தாளில் மட்டும் அந்தச் சொற்களுக்குப் பக்கத்தில், நீல மையில், அந்தப் பெண் எப்போதோ எழுதி வட்டமிட்ட 128 இருந்தது.